ஆறு பார்க்க ஆளுக்கு 2,800 ரூபாய்

ஒன்றரை நாள், ஒரு ராத்திரி தங்கல், நாலு வேளைச் சாப்பாடு. கல்லணை, ஆற்றங்கரையில் சைக்கிள், படித்துறைக் குளியல், மறுநாள் காலை வடுவூர் ஏரி. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,800 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. திருக்காட்டுப்பள்ளிக்கும் திருவையாற்றுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பில் பண்ணை வீடு கட்டி நடத்துகிறார்கள். பெயரைப் போடவில்லை. தொடங்கி அதிக நாள் ஆகாத இடம், நான் சொல்லப்போவதில் பாதி குறை. ஆனால் அந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணை வீட்டுக்குப் போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

நான் நீடாமங்கலத்துக்காரி. ஆற்றைக் காட்டுவதற்கு ஒருவர் காசு வாங்குகிறார், அதை நான் கொடுக்கிறேன் என்று தெரிந்தால் எங்கள் அப்பா சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போயிருப்பார். பெங்களூரில் வளர்கிற அண்ணன் மகனுக்காகத்தான் பதிவு செய்தேன். அவனுக்குக் காவிரி என்றால் செய்தியில் வருகிற வழக்கு.

முதலில் எப்போது போவது என்று பார்ப்போம், ஏனென்றால் அவர்களுடைய விளம்பரத்தில் வருஷம் முழுக்க ஆறு கரை புரண்டு ஓடுகிறது. அசலில் அப்படி இல்லை. மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் வந்து கல்லணையைத் திறக்க இன்னும் சில நாள் ஆகும். ஜனவரி 28ஆம் தேதியோடு மேட்டூரை மூடிவிடுவார்கள். நீர் இருப்பையும் மழையையும் பொறுத்து இது முன்பின் ஆகும். அப்புறம் மாசி, பங்குனி, சித்திரையில் போனால் நீங்கள் பார்க்கப்போவது மணலும் நாணலும்தான். இருப்பு குறைந்த காலத்தில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவதும் உண்டு. அதனால் "இப்போ எந்த ஆத்துல தண்ணி போகுது?" என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். நாங்கள் மார்கழிக் கடைசியில் போனோம். சம்பா கதிர் வாங்கி நின்றது, ஆற்றில் தண்ணீர் இருந்தது, ஏரியில் பறவையும் இருந்தது. மூன்றும் ஒன்றாகக் கிடைக்க அதைவிட நல்ல சமயம் இல்லை. குளிப்பது ஒன்றுதான் நோக்கம் என்றால் ஆடி, ஆவணி.

வரவேற்பில் இளநீர் கொடுத்தார்கள், நெற்றியில் சந்தனம் வைத்தார்கள், கழுத்தில் துண்டு போட்டார்கள். சரி, போகட்டும். வாசலில் ஒரு ஃபைபர் பரிசல் கவிழ்த்துக் கிடந்தது. படம் எடுத்துக்கொள்ளவாம். பரிசலுக்கு ஆசைப்பட்டால் ஒகேனக்கல் போய்க்கொள்ளலாம்.

எங்களைக் கூட்டிப்போக இரண்டு பேர். ஒருவர் இளைஞர், நல்ல பையன், கையில் ப்ளூடூத் ஸ்பீக்கர். இன்னொருவர் எழுபதை ஒட்டிய வயது, பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் ஏற்றி இறக்குவதும் கரையைக் காப்பதும் வேலையாக இருந்தவர். இவரை வைத்திருப்பதுதான் அந்தப் பண்ணை வீட்டின் ஒரே பெரிய சொத்து, அது அவர்களுக்கே தெரியவில்லை. விளம்பரத்தில் அவர் படம் கிடையாது, பரிசல் படம் இருக்கிறது.

கல்லணையில் இளைஞர் கரிகாலன் சிலையைக் காட்டி, இரண்டாயிரம் வருஷம் என்று ஆரம்பித்து, செல்ஃபி எடுக்க அழைத்துப் போய்விட்டார். பெரியவர் எங்களைப் பாலத்தின் மறுபக்கம் நிறுத்தினார். முக்கொம்பில் கொள்ளிடம், காவிரி என்று இரண்டாகப் பிரிந்த ஆறு, திருவரங்கத்தைச் சுற்றி வந்து இங்கே மறுபடி ஒன்றையொன்று நெருங்குகிறது. கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிறது, காவிரி மேட்டில். விட்டால் காவிரித் தண்ணீர் முழுதும் பள்ளத்துக்குச் சரிந்து, நேரே கடலுக்குப் போய்விடும். கீழே ஒரு குழி வயலுக்குக்கூடத் தண்ணீர் எட்டாது. அதைச் சரியவிடாமல் தடுக்கத்தான் அணை. இதைச் சொல்லிவிட்டுக் கைத்தடியால் மணலில் இரண்டு கோடு கிழித்து, ஒன்றைக் கையால் ஆழமாக்கி, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் பள்ளக் கோட்டுக்கு ஓடியது. நடுவில் நாலு கூழாங்கல்லை வைத்து ஈர மண்ணைப் பூசி மறுபடி ஊற்றினார். அண்ணன் மகன் கைபேசியைப் பையில் போட்டது அப்போதுதான்.

மேலே இருக்கும் பாலமும் ஷட்டர்களும் பிற்காலத்தவை, பழைய கல் கட்டு அடியில் இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றும் எந்தப் பக்கம் போகின்றன என்று கை நீட்டிக் காட்டினார். புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது, ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது "புது" ஆறுதான். வறுத்த மீன் கடைகளில் நின்று சாப்பிட அரை மணி கொடுத்தார்கள். மீன் பரவாயில்லை.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். கியர் சைக்கிள்கள், புதியவை, ஆனால் சீட் உயரம் மாற்றும் ஸ்பேனரை யாரும் கொண்டுவரவில்லை. கரை கொஞ்ச தூரம் தார், அப்புறம் கப்பி, அப்புறம் மண். முட்டி வலி இருப்பவர்கள் அவர்களுடைய வேனில் பின்னால் வரலாம், நானும் பாதி வழியில் ஏறிக்கொண்டேன். ஆனால் கரையில் போகிற சுகமே தனி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பத்தடி பள்ளத்தில் வயல், தலைக்கு மேல் மருதமரமும் புங்கனும். ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னதும் பையன் உடனே அணைத்தார்.

பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கி இறங்கிக் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பழக்கம் போலிருக்கிறது. ஓரிடத்தில் வயல் பக்கத்துச் சரிவில் உட்கார்ந்து புல்லை விலக்கினார். விரல் நுழைகிற அளவு ஒரு துளை, வாயில் ஈர மண் உருண்டைகள். நண்டு வளை. "இது சும்மா இருக்குறப்ப நண்டு வீடு. ஆறு நெறஞ்சா இதான் மொத ஓட்டை" என்றார். தண்ணீர் ஏறும்போது வளை வழியாகக் கசிவு தொடங்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் கவலையில்லையாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், இனி நேரமில்லை. வெள்ள நாளில் ராத்திரி முழுக்க விளக்கோடு நடந்து இவர்கள் தேடுவது இந்தக் கலங்கல் தண்ணீரைத்தான். உடைப்பு எடுத்தால் சவுக்குக் கட்டையை இரண்டு வரிசை அடித்து, நடுவில் தென்னை மட்டையும் வைக்கோலும் மணல் மூட்டையும் போட்டு அடைப்பார்கள். எங்கள் ஊரில் சின்ன வயதில் நான் கேட்ட "உடைப்பு, உடைப்பு" என்ற கூச்சலுக்குப் பின்னால் என்ன வேலை நடந்தது என்று இத்தனை வருஷம் கழித்து ஒரு சுற்றுலாவில் தெரிந்துகொண்டேன்.

குளியலுக்கு அவர் காட்டிய படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்கவிடவில்லை. எதிரே மணல் திட்டு அழகாக இருந்தது, நடந்தே போய்விடலாம் போல. "மணல் அள்ளுன பள்ளம் இருக்கு ஆயி, மேல தண்ணி ஒரே மட்டமாத்தான் தெரியும்" என்றார். படியில் ஈரக்கோட்டைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து ஒரு சாண் ஏறியிருக்கிறது, மேலே ஷட்டரைத் தூக்கியிருப்பார்கள், இரண்டு படிக்குக் கீழே யாரும் போகவேண்டாம் என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் இழுப்பு எப்படியிருக்கும் என்று ஆற்றில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட என் அண்ணன் மகனுக்கு அது புதுசு. அவர்கள் பாதுகாப்பு உடுப்பு கொண்டுவந்திருந்தார்கள், அதில் சின்னப் பிள்ளை அளவு ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

சாப்பாடு: மத்தியானம் வாழை இலையில் மோர்க்குழம்பு, வாழைப்பூப் பொரியல், கெண்டை மீன் குழம்பு. குழம்பு அருமை, முள்தான் வேலை வைக்கும். ராத்திரி தோசை ஆறி வந்தது. சாயங்காலம் திருவையாற்றில் நிறுத்தி அசோகா வாங்கிக் கொடுத்தார்கள். பாசிப்பருப்பு, நெய், சர்க்கரை. சூடாக இலையில் வாங்கிச் சாப்பிட வேண்டும், டப்பாவில் கட்டி ஊருக்குக் கொண்டுபோகிற பண்டம் இல்லை. அறை சுத்தம், கழிப்பறை சுத்தம், கொசுவலை கேட்டால்தான் வருகிறது.

மறுநாள் வடுவூர்தான் பெரிய ஏமாற்றமாகியிருக்க வேண்டியது. பறவை பார்ப்பதென்றால் விடியும்போது ஏரிக்கரையில் இருக்க வேண்டும். தோப்பிலிருந்து தஞ்சாவூர் தாண்டி மன்னார்குடி சாலையில் போக வேண்டிய தூரம் அது. நாலரைக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, டிரைவர் வராததால் ஆறு மணிக்குத்தான் கிளம்பினோம். போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. எட்டுப் பேருக்கு ஒரே ஒரு பைனாகுலர். வாரக்கடைசியில் ஒன்று வாடகைக்கு எடுத்துப்போங்கள், அல்லது கடன் வாங்குங்கள்.

இருந்தும் வடுவூர் வடுவூர்தான். காவிரித் தண்ணீர் நிரம்பும் பாசன ஏரி, 1999இல் சரணாலயமாயிற்று, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நாமக்கோழிகள் கறுப்பாக மிதந்தன, கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நத்தைகுத்தி நாரை ஒன்று எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றது. அதன் அலகு முழுசாக மூடாது, நடுவில் இடைவெளி இருக்கும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது, தண்ணீருக்குள்ளேயே வைத்து ஏதோ செய்தது, தலையை நிமிர்த்தும்போது ஓடு இல்லை, சதை மட்டும் தொண்டைக்குள் இறங்கியது. என் அண்ணன் மகன் "அத்தை, அது எப்படி ஓட்டைக் கழட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இளைஞர் கூகுளைப் பார்த்தார்.

கூடுதலாக ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினால் அன்றைக்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம். வனத்துறை அனுமதி, படகு, வெயில் எல்லாம் சேர்த்து அதற்கே ஒரு முழுநாள் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட காடு அது, அவசரமாகப் பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற கோரையாறு போய்ச் சேர்வதும் அங்கிருக்கும் காயலில்தான். நான் தனியாக இன்னொரு முறை போகப்போகிறேன், கல்லணையையும் அந்தக் காயலையும் ஒரே வேனில் திணிக்கிறவர்களோடு அல்ல.

ஆக, 2,800 கொடுக்கலாமா? பரிசல், சந்தனம், ஸ்பீக்கர் இதற்கெல்லாம் ஆயிரம்கூட அதிகம். அந்தப் பெரியவர் வருவாரென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பதிவு செய்யும்போதே கேளுங்கள். "யாராவது வருவாங்க மேடம்" என்று பதில் வந்தால் வேறு தேதி வாங்குங்கள். அவருக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டபோது அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார். தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் ரொக்கமாக எடுத்துப்போங்கள், அவரிடம் இருப்பது பட்டன் போன்.