ஈரப்பதக் கருவியைக் காட்டி விற்கப்படும் கிரீம்: ஓர் எச்சரிக்கை

சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் இயங்கும் சருமப் பராமரிப்பு நிலையத்தில், தோலில் எந்தக் குறையும் இல்லாத எனக்கு ஓராண்டுக்கான மாய்ஸ்சரைசர் தொகுப்பை 18,000 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த விற்பனை முறையை மற்றவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் என் முன்கையை ஸ்பிரிட் வாடை வீசிய பஞ்சால் அழுத்தித் துடைத்தார்கள். அதன்மீது பேனா போன்ற ஒரு கருவியை வைத்ததும் 24 என்ற எண் தெரிந்தது. "உங்க ஸ்கின் உள்ளுக்குள்ளேயே வறண்டு போயிட்டிருக்கு மேடம்" என்றார் விற்பனைப் பெண். கிரீம் தடவிச் சில நிமிடங்கள் கழித்து வைத்தபோது எண் 51 ஆனது. இத்தகைய கருவிகள் தோலின் மேலடுக்கில் உள்ள நீரை அதன் மின் பண்புகளைக் கொண்டு கணிப்பவை. ஆகவே ஸ்பிரிட்டால் உலர்த்திய இடத்தில் எண் குறைவதும், நீரும் கிளிசரினும் கலந்த எந்த மலிவான கிரீமைத் தடவினாலும் அது ஏறுவதும் இயல்பே. தோலின் ஆரோக்கியத்தைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை.

வறண்ட தோலுக்கும், கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) உள்ளவர்களுக்கும், அடிக்கடி கை கழுவ வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கும் மாய்ஸ்சரைசர் உண்மையிலேயே பயன் தருகிறது. ஆரோக்கியமான தோலோ செராமைடு என்னும் கொழுப்பு வகை, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றாலான, ஈரத்தைக் காக்கும் தடுப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதில் கிரீம் தரும் மென்மை, தடவுவதை நிறுத்திய சில நாட்களில் மறைந்துவிடும். ஆரோக்கியமான தோலில் வாரக்கணக்கில் தடவிப் பார்த்த ஆய்வுகளில், சில கிரீம்கள் சோப்பு வகைகளால் ஏற்படும் எரிச்சலை அதிகரித்ததும், யூரியா கலந்த சில கிரீம்கள் அதைக் குறைத்ததும் தெரியவந்தன. "எவ்வளவு தடவினாலும் நல்லதுதான், நிறுத்தினாலும் பலன் நிலைக்கும்" என்று எனக்குச் சொல்லப்பட்டதில் இரண்டு பாதிகளுமே தவறு.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் உட்பொருள் பட்டியல் பொதுவாக அளவு அதிகமானதிலிருந்து தொடங்கும். அதில் முதலில் இருந்தவை நீர், மினரல் ஆயில், கிளிசரின். முகப்பில் பெரிதாகப் படம் போட்டிருந்த கடற்பாசிச் சாறு, பதப்படுத்தும் பொருளுக்கும் பின்னால் இருந்தது. (படத்துக்குத்தான் விலை போலும்.) பிரிக்காத டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, ரசீதில் பொருளின் பெயரே இல்லாமல் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருந்ததைக் காட்டி, சேவைக்குப் பணம் திரும்பாது என்று மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. இப்படி யாராவது கருவியோடு அணுகினால், துடைக்காத மறு கையில் முதலில் அளக்கச் சொல்லுங்கள். வாங்குவதாக இருந்தால், பொருளின் பெயரும் விலையும் தனித்தனியே எழுதிய ரசீதைப் பெறாமல் பணம் செலுத்தாதீர்கள்.