மடிக்கணினியில் உபுண்டு நிறுவக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

திருகோணமலை நகரிலுள்ள ஒரு கணினிக் கடையில் கடந்த மாதம் எனக்கு நேர்ந்ததை, அதே வேலைக்குத் தங்கள் மடிக்கணினியை ஒப்படைக்க எண்ணியிருப்பவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் என் மகனுக்கு லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு தேவைப்பட்டது. எனக்கோ விண்டோஸை விட முடியாது. பதினொரு ஆண்டு வினாத்தாள்களும் புள்ளிப் பட்டியல்களும் பாமினி எழுத்துருவில் வேர்டிலும் எக்செலிலும் இருந்தன, வேறு மென்பொருளில் திறந்தால் அவற்றின் பக்க அமைப்புக் குலைந்துவிடும். வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி என்பதால், திறக்கும்போது வேண்டியதைத் தெரிவுசெய்யும் வகையில் இரண்டு இயங்குதளங்களையும் நிறுவித் தருமாறு கேட்டோம். கூலி 4,500 ரூபா என்றார்கள்.

வட்டின் டி பிரிவில் என் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, அவற்றுக்கு ஏதும் ஆகுமா தம்பி என்று இருமுறை கேட்டேன். “ஒன்றும் போகாது ரீச்சர், பக்கப் எடுக்கத் தேவையே இல்லை” என்றார் கடைக்காரர். நான் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அழைத்து, வைரஸினால் டி பிரிவு பழுதாகிவிட்டது, கோப்புகளை மீட்க மேலும் 8,000 ரூபா ஆகும் என்றார். மறைந்த என் அம்மா தம்பலகாமத்தில் கழிந்த தம் இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லியிருந்த ஒலிப்பதிவுகளும் அதிலேயே இருந்ததால், யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். நான்கு நாளின் பின் மீட்க முடியவில்லை என்று கூறி, முயன்றதற்கான கட்டணம் என்று அந்த 8,000 ரூபாவையும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் திறந்தபோது உபுண்டு, விண்டோஸ் இரண்டும் பட்டியலில் ஒழுங்காகத் தெரிந்தன. ஆனால் வாங்கும்போது ஹோம் பதிப்பாக இருந்த விண்டோஸ் இப்போது ப்ரோ பதிப்பாக இருப்பதை மகன் கவனித்தான். அமைப்புகளில் காணப்பட்ட நிறுவிய திகதி, நாங்கள் கணினியைக் கொடுத்த மறுநாள். உற்பத்தியாளரே தாய்ப்பலகையில் பதித்துத் தந்த ஹோம் உரிமம் இருக்க, உரிமமற்ற ப்ரோ பிரதி ஒன்றை ஏற்றியிருந்தார்கள். டி பிரிவு என்ற ஒன்றே இல்லை.

இவற்றைக் காட்டிக் கேட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. உபுண்டு நிறுவும்போது, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தெரிவுக்குப் பதிலாக, வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவை அழுத்தியிருக்கிறார்கள். அதை எங்களிடம் சொல்லாமல், எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, புதிய விண்டோஸையும் உபுண்டுவையும் அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். கைதவறுதல் எவருக்கும் நேரும். அதை நான் மன்னித்திருப்பேன். எங்களுடையது சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டு, அதில் ஒரு பிரிவை வடிவமைத்தால், அந்த இடம் வெறுமையானது என்று ட்ரிம் கட்டளை வட்டுக்கு அறிவிக்க, வட்டு பழைய தரவைத் தானே துடைத்துவிடும். ஆகவே மீட்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்பதும், எஞ்சியிருக்கக்கூடிய சிறிதும் தாங்கள் மேலே எழுதியதால் அழிந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மீட்பதற்கென்று பணம் வாங்கியதுதான் மோசடி.

இந்த வேலைக்குக் கணினியைக் கொடுப்பவர்கள் முதலில் கோப்புகளை வெளி வன்தட்டில் தாங்களே நகலெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே வட்டு மேலாண்மைக் கருவியில் ஒரு பிரிவைச் சுருக்கி, உபுண்டுவுக்கான வெற்றிடத்தை உங்கள் கண்முன்னே ஒதுக்கச் சொல்லுங்கள். 25 ஜிபி போதும் என்றாலும் மாணவர்களுக்கு 60 ஜிபி வசதியாக இருக்கும். வட்டிலுள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கட்டாயம் குறித்துவைத்த பிறகே எதையும் தொட விடுங்கள். கோப்புகள் போய்விட்டன என்று கடையிலிருந்து அழைப்பு வந்தால், வேறெதையும் நிறுவ வேண்டாம், உடனே அணைத்து வையுங்கள் என்று சொல்லுங்கள். பழைய சுழலும் வன்தட்டு என்றால், மேலே எதுவும் எழுதப்படாதவரை டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருளாலேயே பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு செய்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்திலும் முறையிடலாம். என்னிடமுள்ள பற்றுச்சீட்டில் ‘மென்பொருள் வேலை 4,500’ என்று மட்டுமே இருக்கிறது. தரவு மீட்புக்கென்று கொடுத்த 8,000 ரூபாவுக்கு எழுத்தே இல்லை; அதை அப்போதே கேட்டு வாங்காதது என் பிழை. அம்மாவின் பதிவுகளில் ஒன்று மட்டும், முன்னொரு நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததால், தங்கையின் தொலைபேசியில் இருக்கிறது.