தெர்மோஸ்டாட் என்று டிம்மரைத் தலையில் கட்டுகிறார்கள்: பால் பைத்தான் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் ஒரு கடையில், பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்கப் பாம்பு) வளர்க்கக் கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் வைக்கும் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), 'தெர்மோஸ்டாட்' (சூட்டை அளந்து மேட்டைத் தானாகப் போட்டு அணைக்கும் கருவி) மூன்றையும் செட்டாக விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் தெர்மோஸ்டாட் என்று தந்தது வெறும் டிம்மர். திருகும் குமிழ் உண்டு, சென்சார் ஒயர் கிடையாது. திருப்பிக் கொண்டுபோனதற்கு, "எல்லாரும் இதத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்பதுதான் பதில். மாற்றியும் தரவில்லை, பணமும் தரவில்லை.

டிம்மர் என்பது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. மின்சாரத்தைக் குறைக்கும், தொட்டி எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது. இரவு ஏசியில் அறை 24 டிகிரி. தரை 32 வரும்படி குமிழை வைக்கிறீர்கள். அதாவது அறைச் சூட்டுக்கு மேல் மேட் 8 டிகிரி கூட்டுகிறது. மறுநாள் மதியம் ஏசி இல்லை, அறை 34. குமிழ் அதே இடத்தில்தான், தரையோ 42ஐத் தொடும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31-33, குளிர்ந்த பக்கம் 25-27 போதும். சுட்டால் நகர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள். வயிறு வெந்தாலும் அதே இடத்தில் சுருண்டு கிடக்கிற பாம்புகள் உண்டு.

இன்னொரு கோளாறு: அந்த மேட் தொட்டியின் அடி முழுவதையும் மூடியது. அப்படியானால் பாம்பு ஒதுங்கக் குளிர்ந்த பக்கமே இல்லை. தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் வேண்டாம். தொட்டியின் நான்கு மூலையிலும் ரப்பர் கால் ஒட்டி, அடியில் 5 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். சூடு அடைபட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

தெர்மோஸ்டாட்டுக்கு, சென்சார் ஒயர் உள்ள எஸ்டிசி-1000 போன்ற கன்ட்ரோலர் போதும். ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். சென்சார் முனையை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டவும். உள்ளே காற்றில் தொங்கவிட்டால், காற்று சூடாகும்வரை மேட் எரிந்துகொண்டே இருக்கும், தரை கொதித்துவிடும். உள்ளே தரையில் வைத்தாலோ பாம்பு தள்ளிவிடும். பிறகு தொட்டிக்குள் பரப்பிய படுக்கையை விலக்கி, உள் கண்ணாடியின் சூட்டை இன்ஃப்ராரெட் கன்னால் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) அளந்து, செட்டிங்கை அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்ட மீட்டர் தரைச் சூட்டைக் காட்டாது. மே மாதத்தில் மேட் அணைந்தே கிடக்கும். அப்போது அறையைக் குளிர்விப்பதுதான் வேலை.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். திரையில் தெரியும் அளவைவிட ஒரு டிகிரி கூட வைத்து, சென்சாரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். சற்று நேரத்தில் 'டிக்' என்று இணைப்பு துண்டிக்க வேண்டும். பில்லில் 'சென்சாருடன் கூடிய தெர்மோஸ்டாட்' என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்ல அந்த பில்தான் ஆதாரம். பால் பைத்தானுக்கு ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துடைய பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் வேண்டும். சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இந்த செட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தால் மேட்டை இப்போதே கழற்றிவிட்டு, பாம்பின் வயிற்றைப் பாருங்கள். செதில் சிவந்தோ பழுப்பாகவோ கொப்பளித்தோ இருந்தால் கைமருந்து எதுவும் தடவாமல், தொட்டியில் வெறும் பேப்பரை விரித்து வைத்து, பாம்பை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.