நல்ல ரேடியோ, நாசமான வால்யூம் வீல்: ஒரு பாக்கெட் ரேடியோ அனுபவம்

இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், முள் நகரும் டயல் வைத்த எஃப்எம், மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோ. விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். இதன் வால்யூம் கன்ட்ரோலை மாற்றிப் பின்மூடியைத் திருகி முடித்த கையோடு எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். மீடியம் வேவ் அருமை. உள்ளே மீடியம் வேவுக்கு ஏரியலாக இருக்கும் ஃபெரைட் ராடு, அதாவது கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு, ஒரு விரல் நீளம்தான். ஆனாலும் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் டெல்டா கிராமங்களில் பகலிலேயே தெளிவாக நிற்கிறது. நிலையம் இருக்கும் திசையை ராடின் முனை பார்க்கக் கூடாது, பக்கவாட்டுதான் பார்க்க வேண்டும். சரியாகக் கேட்கவில்லை என்றால் செட்டைக் கால் வட்டம் திருப்பினாலே போதும். எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும் கிளப்பும் இரைச்சலையும் இதே வழியில் பாதி அடக்கலாம்: ராடின் முனையை இரைச்சல் வரும் பக்கம் காட்டுங்கள்.

எஃப்எம் பற்றிக் குறையே இல்லை. நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் நகரத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ஏரியலை மடக்கிவிடுங்கள். எல்லோரும் இழுத்து நீட்டத்தான் பார்ப்பார்கள். பலமான சிக்னலுக்கு நீளம் குறைவதே நல்லது.

முள் டயல் பழசு என்று நினைத்து எண் காட்டும் செட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த செட் 10, 10ஆகத் தாவும். அதில் 930 வரும், 940 வரும், 936 வராது. 9க்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்திலும் பென்சில் பேட்டரி செட்டுக்கே என் ஓட்டு. மிதமான சத்தத்தில் 30 மில்லிஆம்பியர் அளவில் இழுக்கும் செட்டுக்கு 2000 மில்லிஆம்பியர்-அவர் அல்கலைன் ஜோடி 60 மணி நேரத்துக்கு மேல் வரும். மெமரி கார்டு, டார்ச், புளூடூத் எல்லாம் வைத்த சார்ஜ் செட்டுகளில் மொபைலுக்கான பிஎல்-5சி பேட்டரியைப் போடுகிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் மில்லிஆம்பியர்-அவர் உள்ளே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, சார்ஜர் இரைச்சலில் சார்ஜில் போட்டபடி மீடியம் வேவ் கேட்கவும் முடியாது. மலிவு பேட்டரியை மட்டும் செட்டுக்குள் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். கசிந்தால் ஸ்பிரிங் போய்விடும்.

இனி வால்யூம் வீல். இவ்வளவு நல்ல செட்டை நாசமாக்குவது இந்த ஒரு உருப்படிதான். திருப்பினால் கரகர, விட்டால் சத்தம் தானாக ஏறும், சில நேரம் ஒரேயடியாகச் செத்துவிடும். காரணம் தூசி மட்டும் என்று சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் உண்மை. காதுக்கு ஏற்றபடி மெல்ல ஏறும் ஏ வகை கன்ட்ரோல் வர வேண்டிய இடத்தில் நேராக ஏறும் பி வகையைப் போட்டுவிடுகிறார்கள். அதனால் வீலின் முதல் கால் பங்கிலேயே சத்தம் முழுசாக வந்துவிடுகிறது. வீலைத் திருப்பும்போது உள்ளே ஒரு தொடுமுனை கார்பன் பாதை மேல் உரசி நகரும்; தினசரிக் கேட்பு அத்தனையும் அந்தப் பாதையின் ஒரு சின்னத் துண்டுக்குள் நடக்கிறது. ஆன்-ஆஃபும் அதே வீலில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் தொடுமுனை அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டு போய் வருகிறது. தேயாமல் என்ன செய்யும்? சட்டைப்பையில் உரசி வீல் தானாக ஆன் ஆவது தனித் தொல்லை. பயணத்தின்போது ஒரு பேட்டரியைக் கழற்றி வைப்பதே வழி.

சரி செய்யும் முறை இதுதான். பேட்டரியை எடுங்கள். திருகுகளில் ஒன்று பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கலாம். மூடியை வெடுக்கென்று இழுத்தால் ஏரியல் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் பிய்ந்து வரும். கான்டாக்ட் கிளீனர் என்னும் மின் தொடுமுனை சுத்தம் செய்யும் ஸ்பிரேயின் குழாயை வீலுக்கும் பலகைக்கும் இடையில் நுழைத்து ஒரே ஒரு பீய்ச்சு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது முப்பது தடவை திருப்பி, கால் மணி நேரம் உலர விடுங்கள். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும், ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டென்சர் மேல் ஒரு துளியும் படக் கூடாது. அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே கிளீனர் புகுந்தால் ஸ்டேஷன் பிடிப்பதே போய்விடும். ராடில் மெழுகு வைத்து நிறுத்திய காயிலையும் நகர்த்தாதீர்கள்.

அப்படியும் கரகரப்பு திரும்பினால் பாதை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றத்தான் வேண்டும். இந்த உருப்படிக்கு ஐந்து கால்: மூன்று வால்யூம் கன்ட்ரோலுக்கு, இரண்டு ஆன்-ஆஃப் ஸ்விட்ச்சுக்கு. மேலே பி103 என்று இருந்தால் 10 கிலோஓம், பி503 என்றால் 50. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடலாம். வீலின் விட்டம் பொருந்துகிறதா என்று பழையதை வைத்துப் பாருங்கள். ஏ வகைக்கு மாறும் முன் செட்டை ஆன் செய்து, கன்ட்ரோலின் இரண்டு வெளிக்கால்களுக்கு இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்டேஜ் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் ஒலி நேராக அதன் வழியே போகிறது. அதே ஓம் அளவில் ஏ வகையை (பி103 என்றால் ஏ103) தாராளமாகப் போடலாம், வீல் முழுக்கப் பயன்படும். ஒரு வோல்ட் அளவு நிலையாக நின்றால் பலகையில் இருக்கும் ஐசி சிப்பே டிசி வைத்து வால்யூமை மாற்றுகிறது. அங்கே பி வகையே இருக்கட்டும். நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 4.7 மைக்ரோஃபேரட் கண்டென்சர் இல்லையென்றால், நெகட்டிவ் கிரவுண்டில் வருமாறு ஒன்றைப் போடுங்கள். கரகரப்பு வெகுவாக அடங்கும்.

மீடியம் வேவ், எஃப்எம், பேட்டரி எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டேன். இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். தினமும் கை வைக்கும் ஒரே பாகத்தில் போய்க் காசை மிச்சம் பிடித்த செட்டை, சால்டரிங் அயர்ன் பிடிக்காத ஒருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆன்-ஆஃபுக்குத் தனித் தள்ளு ஸ்விட்ச் வைத்த மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலானாலும் அதை எடுங்கள். கடையிலேயே பேட்டரி போடச் சொல்லி, காதோடு வைத்து, வீலைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். கால் வட்டத்துக்குள் அலறினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.