கே.எல்.சி.சி. பூங்காவின் சிறுவர் விளையாட்டிடம்: தோட்டத்துப் பட்டணத்திலிருந்து போய்வரும் குடும்பத்தின் நெடுநாள் அனுபவம்

பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தையில், குடியிருந்துகொண்டு பிள்ளைகளை விளையாட விடுவதற்காகக் கோலாலம்பூர் வரை போய்வருவதை வீண் அலைச்சல் என்று சொல்பவர்கள் எங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, பலர் இருக்கிறார்கள். 1917-ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டம் உருவான தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. பள்ளித் திடல், கோயில் வளாகம், தோட்டத்துச் செம்மண் பாதை என்று ஓடியாட இடத்துக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்து, பெட்ரோலும் டோலும் கொடுத்து நகரத்துக்குப் போய் ஒரு சறுக்குமரத்தில் ஏற்றிவிட்டு வருவானேன் என்பது அவர்களுடைய கேள்வி. மகள் தளர்நடை நடந்த காலம் தொட்டு, அவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் இன்றுவரை, இடையில் பிறந்த தம்பியையும் சேர்த்துக்கொண்டு, பள்ளி விடுமுறைகள்தோறும் கே.எல்.சி.சி. எனப்படும் கோலாலம்பூர் நகர மையப் பூங்காவின் சிறுவர் விளையாட்டிடத்துக்குப் போய்வருகிறோம். அந்தக் கேள்விக்கான பதில் பிள்ளையின் வயதுக்கு ஏற்ப மாறுகிறது என்பதே எங்கள் அனுபவம்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் காலடியில் 50 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கும் இந்தப் பூங்கா, முன்னாளில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலத்தில் உருவானது. இதை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டு நிலவனப்புக் கலைஞர் ரொபெர்ட்டோ பூர்லே மார்க்ஸ். ரியோ டி ஜெனிரோவின் கொப்பகபானா கடற்கரை நடைபாதைக் கோலங்களால் உலகப் புகழ் பெற்ற அவர் 1994-இல் மறைந்தார். இந்தப் பூங்கா அவருடைய இறுதிக்காலப் பணிகளுள் ஒன்று. வளைந்து வளைந்து செல்லும் பாதைகள் அவருடைய கைவண்ணத்துக்கு அடையாளம் என்று கலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். சிறு பிள்ளையோடு போகிறவர்களுக்கு அந்த வளைவுகள் வேறொரு பாடத்தையும் சொல்லித்தரும்: முன்னால் ஓடும் குழந்தை பத்தடி தாண்டியதும் புதருக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறச் சட்டைதான். பச்சைச் சட்டை போட்டு இந்தப் பூங்காவுக்கு அழைத்து வருவது பெற்றோர் தங்களுக்குத் தாங்களே தேடிக்கொள்ளும் தலைவலி.

கருப்பொருளோடு கட்டப்பட்ட விளையாட்டிடங்கள் இப்போது சிற்றூர்களிலும் முளைத்துவிட்டன. எங்களுக்குப் பக்கத்துப் பட்டணம் ஒன்றில் டைனோசர் உருவங்களை நிறுத்தி ஒரு பூங்கா திறந்தார்கள். முதல் வாரம் ஊரே திரண்டது. பிள்ளைகள் டைனோசரின் முதுகில் ஏறினார்கள், படம் எடுத்துக்கொண்டோம், இறங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த உருவத்தை வைத்துக்கொண்டு செய்வதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சில மாதங்களில் வால் உடைந்து உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டது. பொறுப்பில் உள்ளவர்கள் சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனதோடு சரி. கருப்பொருள் வெறும் பூச்சாக இருந்தால் அது பெற்றோரின் கைப்பேசிக்குத்தான் தீனி. குழந்தையின் கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தால் மட்டுமே அது குழந்தைக்கானது. கே.எல்.சி.சி. விளையாட்டிடத்தை நான் அளப்பது இந்தக் கோலால்தான், அதில் அது பெரும்பாலும் தேறிவிடுகிறது.

தேறுவதற்குக் காரணம் தண்ணீர். ஏறத்தாழ இரண்டு ஏக்கர் விளையாட்டுத் திடலுக்கு அருகில், குழந்தைகள் காலளைந்து விளையாடுவதற்கென்றே ஆழமில்லாத குளம் ஒன்று இருக்கிறது. நீச்சல் குளத்தின் இலக்கணம் எதுவும் அதற்குக் கிடையாது. அருவிபோல் விழும் தண்ணீரும், வளைந்து போகும் கரையும், பெரியவர்களுக்கு முழங்கால்கூட நனையாத ஆழமும் சேர்ந்து ஓர் ஓடைக்கரையின் தோற்றத்தைத் தருகின்றன. கட்டணம் இல்லை. மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவள் குளத்துக்குள் இறங்கவே மறுத்தாள். கரையோரம் குந்தியபடி, விழும் தண்ணீருக்குக் கீழே ஒரு கையை நீட்டுவாள், இழுத்துக்கொள்வாள், மறுபடி நீட்டுவாள். மூன்று வயதில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வழியும் நீரை அணைகட்டப் பார்த்தாள். விரலிடுக்கில் அது ஒழுகியபோது, பக்கத்தில் இருந்த ஒரு சீனச் சிறுவனின் கைகளையும் பிடித்திழுத்துத் தன் கைகளோடு ஒட்டவைத்தாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அப்போது மலாயும் தெரியாது. இருந்தும் நான்கு கைகளால் கட்டிய அணை சிறிது நேரம் நின்றது. ஐந்து வயதுக்கு மேல் ஓட்டப்பந்தயம், நீர் தெறிப்பு, சண்டை. ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒவ்வொரு வயதிலும் வேறு விளையாட்டு. டைனோசரால் இதைச் செய்ய முடியாது.

என் அம்மாவின் கருத்து வேறு. இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும், பின்னாளில் செம்பனைக் காட்டில் உரம் போட்டும் எங்களை வளர்த்தவர் அவர், முதன்முறை எங்களோடு வந்தபோது மரநிழலில் உட்கார்ந்து பேரனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏன்யா, வீட்டுக் குழாயடியில நின்னா வேணாம் வேணாம்னு கத்துற, இவ்ளோ தூரம் வந்து அதையேதான செய்யுறான்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. ஆனாலும் அடுத்த விடுமுறைக்கு முதலில் கிளம்பி நின்றவரும் அவர்தான். ஏறத்தாழ 1,900 மரங்கள் உள்ள இந்தப் பூங்காவில் வயதானவர்கள் நிழலில் உட்கார்ந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பது, பாட்டி தாத்தாவையும் கூட்டிக்கொண்டே எங்கும் போகும் நம் குடும்பங்களுக்குப் பெரிய வசதி.

குளத்துக்கு மாற்றுடை கட்டாயம் வேண்டும். காலணியோடு உள்ளே இறங்கக்கூடாது. பெரியவர்கள் உற்சாகத்தில் குளிக்க இறங்கினாலோ, பிள்ளைகள் ஏறக்கூடாத இடத்தில் ஏறினாலோ காவலரின் விசில் உடனே கேட்கும். முதலில் அந்தச் சத்தம் எரிச்சலூட்டியது. பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு திசையில் ஓடும் நாள்களில், நம்மைத் தவிர இன்னொரு ஜோடிக் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நிம்மதி அதனால்தான். பராமரிப்புக்காகக் குளத்தை மூடும் நாளும் உண்டு. வெகுதூரத்திலிருந்து வருபவர்கள் அதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது, ஏனென்றால் தண்ணீரைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்த நான்கு வயதுப் பிள்ளையிடம் பராமரிப்பு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

திடலில் இருக்கும் ஏறுகட்டமைப்புகளும் சறுக்குமரங்களும் சிறியவை, பெரியவை என்று பல அளவுகளில் இருக்கின்றன. தரை விழுந்தாலும் அடிபடாத இரப்பர் விரிப்பு. மகன் நான்கு வயதிலிருந்தே இங்குதான் கிடக்கிறான். பூங்காவில் தண்ணீருக்கு அடுத்து நான் மதிப்பது அந்தத் தரையைத்தான். ஊர்ப் பூங்காக்களில் சறுக்குமரத்தின் அடியில் மணல் கரைந்து, சிமெண்டு அடித்தளம் தலைகாட்டி நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விழுந்த பிள்ளை அழாமல் எழுந்து ஓடுவது சாதாரணமாகப் படாது. ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: நண்பகல் வெயிலில் எந்தச் சறுக்குமரமும், எந்த இரப்பர்த் தரையும் வெறுங்காலுக்குச் சுடும். பிள்ளையை ஏற்றுவதற்கு முன் புறங்கையை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். காலை பத்தரைக்குள் திடலை முடித்துக்கொண்டு, வெயில் ஏறும்போது குளத்துக்கு மாறி, பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவதே எங்களுக்கு ஒத்துவந்த வரிசை.

பிற்பகலை நம்புவதற்கில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் போன்ற மாதங்களில் மாலை இடிமழை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. திறந்தவெளியில், அதுவும் தண்ணீரில் நிற்கும் பிள்ளைகளை மின்னலுக்கு முன் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பூங்காவை ஒட்டிய சூரியா பேரங்காடிதான் ஒதுங்குமிடம். அதன் செலவைத் தனிக்கணக்கில் எழுதுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் நாங்கள் கிளம்புவதே இல்லை. 2019-இல் பள்ளிகளையே மூடும் அளவுக்குப் போன அந்தச் செப்டம்பரில் பயணத்தை மறந்துவிட்டோம். 2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது விளையாட்டிடங்கள் மூடப்பட்டன. அந்த இடைவெளி மகளின் ஐந்தாவது வயதை அப்படியே விழுங்கிக்கொண்டது. மீண்டும் போனபோது குட்டிச் சறுக்குமரத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போக்குவரத்தில்தான் இத்தனை ஆண்டுகளில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஈஜோக் வழியாக லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து, காரிலேயே நகர மையம் வரை போவோம். நெரிசலில் ஊர்ந்து, நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் இடம் தேடி, குழந்தை இருக்கையிலிருந்து மகனைக் கழற்றி எடுப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். 2020 தொடக்கத்திலிருந்து அந்த இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், உறவினர் காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பழைய வழக்கமும் நின்றது. பிறகு சுங்கை பூலோ நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, எம்.ஆர்.டி. நகர இரயிலில் பாசார் செனி வரை போய், அங்கிருந்து எல்.ஆர்.டி. எனும் இலகு இரயிலுக்கு மாறினோம், தள்ளுவண்டியும் ஈரத்துணிப் பையும் தூங்கும் குழந்தையுமாக அந்த மாற்றம் சுலபமல்ல. 2023 மார்ச் 16-இல் எம்.ஆர்.டி.யின் புத்ராஜெயா தடம் முழுமையாகத் திறந்த பின், சுங்கை பூலோவில் ஏறினால் பெர்சியாரான் கே.எல்.சி.சி. நிலையம் வரை ஒரே இரயில். பேரங்காடிக்குள் நுழையாமல் பூங்காவுக்குப் போக முடிவது இதில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம். இந்த ஆதாயத்தின் மதிப்பு, பொம்மைக் கடை வாசலில் பிள்ளையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீட்டிலிருந்து இட்லியும் சம்பாலும் கட்டிக்கொண்டு போவோம். தண்ணீரில் ஆடிய பிள்ளைக்குப் பசி கொடுமையானது, வரிசையில் நின்று வாங்கிக்கொடுக்கும்வரை பொறுக்காது.

ஒரு நடைமுறைச் சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மூன்று வயதுக்காரனுக்குக் குளம் வேண்டும், ஏழு வயதுக்காரிக்கு ஏணி வேண்டும் என்ற நிலை வரும்போது, பெரியவர் ஒருவர் மட்டும் இருவரையும் அழைத்துக்கொண்டு போவது ஆகாத காரியம். ஒரே இடத்தில் நின்றபடி குளத்தையும் ஏணியின் உச்சியையும் பார்க்க முடியாது. என் கணவர் வார இறுதியிலும் வேலைக்குப் போகும் காலங்களில், தங்கையை உடன் வரச் சொல்லுவேன். அவளும் வராவிட்டால் பயணத்தையே தள்ளிவைப்பேன். விடுதலை நாள், தீபாவளி, சீனப் பெருநாள் விடுமுறைகளில் கூட்டம் நிரம்பி வழியும்போது இரண்டு பெரியவர்கள் இருந்தாலும் போதாது. அந்த நாள்களில் ஊர்த் திடலே மேல்.

இப்போது மகளுக்கு இந்த இடம் சலித்துவிட்டது. தம்பி குளத்தில் கிடக்கும் நேரத்தில் அவள் தன் சித்தியோடு 1.3 கிலோமீட்டர் ஓட்டப்பாதையைச் சுற்றுகிறாள், மரங்களில் தொங்கும் பெயர்ப்பலகைகளை வாசிக்கிறாள், கோபுரத்தின் 452 மீட்டர் உயரத்தைத் தன் உயரத்தால் வகுத்துப் பார்க்கிறாள். விளையாட்டிடத்துக்காக அவளை இனி அழைத்து வரத் தேவையில்லை. இரண்டு வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு, துணைக்கு இன்னொரு பெரியவரும் ஒரு வேலைநாள் காலையும் அமையுமானால், எங்கள் ஊர்த் தொலைவிலிருந்து இந்தப் பயணத்தைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டியிருந்தால் அதே பெட்ரோல் செலவில் உலு யாம் ஆற்றுப்பக்கம் போகலாம். மகள் அடுத்த விடுமுறைக்குக் கேட்டிருப்பது அதைத்தான்.