பிரின்டர் டிரைவர்: விண்டோஸ் தருவதா, கம்பெனி தருவதா, எதுவுமே வேண்டாமா?

பிரின்டர் டப்பாவுக்குள் சிடி இருந்தாலும் அதைப் போட இன்றைய லேப்டாப்பில் இடம் இல்லை. அப்படியானால் பிரின்டரோடு பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருளான டிரைவர் எங்கிருந்து வரும்? கேபிளைச் செருகிவிட்டு விண்டோஸே தேடிக்கொள்ளட்டும் என்று விடலாம். கம்பெனியின் தளத்திலிருந்து முழு செட்டப்பை இறக்கலாம். அதே தளத்தில் ஓரமாகக் கிடக்கும் பேசிக் டிரைவரை மட்டும் எடுக்கலாம். பல மாடல்களுக்குப் பொதுவான யுனிவர்சல் டிரைவரைப் போடலாம். தனி டிரைவரே இல்லாமல், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஐ.பி.பி. என்ற முறையில் அச்சடிக்கலாம். இதில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் மேசையில் இருக்கும் பிரின்டர் எந்த ரகம் என்று பார்த்தாலே பாதி வழிகள் தாமாக அடைபட்டுவிடும்.

ரகம் என்று நான் சொல்வது, பக்கத்தை வரைவது யார் என்பதைப் பொறுத்தது. சில பிரின்டர்களுக்கு பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பக்க மொழிகள் தெரியும். எந்த இடத்தில் என்ன எழுத்து, எவ்வளவு பெரிதாக என்று கணினி சொன்னால் போதும், மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். ஆபீஸ்களில் இருக்கும் பெரிய லேசர் பிரின்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். விலை குறைந்த லேசர்களில் அந்த மூளையைக் கழற்றிவிட்டார்கள். பக்கம் முழுவதையும் கணினியே புள்ளி புள்ளியாக வரைந்து, அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் அனுப்ப வேண்டும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கேனான் எல்.பி.பி. 2900, எச்.பி. லேசர்ஜெட் 1020 இரண்டும் இந்த வகை. கேனானுடையது கேப்ட் என்ற அதன் சொந்த முறை. 1020 இன்னும் ஒரு படி மேலே. அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர்கூட பிரின்டருக்குள் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினியில் இருக்கும் டிரைவர்தான் அதை ஏற்றிவிடுகிறது. சரியான டிரைவர் இல்லாத கணினியோடு இணைத்தால் 1020 பச்சை விளக்கு எரியும் வெறும் பெட்டி.

மூன்றாவது வகை, வைஃபை வந்த பிறகு பெருகியது. டிரைவர் ஏற்றாமலே அச்சடிக்கும் ஏர்பிரின்ட்டை ஆப்பிள் 2010இல் கொண்டுவந்தது. 2013இல் கேனான், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஐ.பி.பி. என்ற பொது நெறிமுறை. தன்னால் என்ன முடியும், என்ன தாள், இரண்டு பக்கமும் அடிக்குமா என்பதையெல்லாம் பிரின்டரே கணினிக்குச் சொல்லிவிடும். டப்பாவில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருந்தால் உங்கள் பிரின்டர் இந்த வகை.

விண்டோஸ் தானாகப் போடும் வழி

யூ.எஸ்.பி. கேபிளைச் செருகினால் ஓரிரு நிமிடத்தில் 'தயார்' என்று வந்து நிற்கிறது. இதைவிட எளிய வழி கிடையாது. பரவலாக விற்ற மாடல்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். தானாக வராவிட்டால், பிரின்டரைக் கைமுறையாகச் சேர்க்கும் ஜன்னலில் 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் பட்டியல் நீளும். பொறுமை இல்லாமல் மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

குறை என்னவென்றால், கிடைப்பது பெரும்பாலும் அச்சடிக்க மட்டும் உதவும் டிரைவர். ஸ்கேன் பொத்தான், மை அளவு, மை தெளிக்கும் தலையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் எதுவும் அதில் இருக்காது. இன்னொரு தொல்லை, கேபிளை வேறு யூ.எஸ்.பி. துளையில் செருகினால் சில பிரின்டர்கள் 'காப்பி 1' என்ற பெயரில் இன்னொரு முறை முளைக்கும். டீஃபால்ட்டாக இருப்பதோ பழையது. அது ஆஃப்லைனில் மங்கிக் கிடக்கும், அனுப்பிய பக்கங்கள் அங்கே போய் வரிசையில் நிற்கும். பிரின்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

இந்த வழியின் எதிர்காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்தத் திட்டப்படி 2026 ஜூலை 1 முதல், பல டிரைவர்கள் பொருந்தும் இடத்தில் விண்டோஸ் தன் சொந்த ஐ.பி.பி. டிரைவருக்கே முதலிடம் தரும். 2027 ஜூலை 1க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு புதுப்பிப்பு இந்த வழியில் வராது. ஏற்கெனவே போட்டிருப்பது நின்றுவிடாது, கம்பெனி தளத்திலிருந்து இறக்கிப் போடவும் தடையில்லை.

முழு செட்டப்பும் பேசிக் டிரைவரும்

இங்கேதான் பெரும்பாலோர் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள். கம்பெனியின் பக்கத்தில் மேலே பெரிய பொத்தானாக இருப்பது முழு செட்டப். பல நூறு எம்.பி. வரை போகும். டிரைவரோடு ஸ்கேன் மென்பொருள், மை கண்காணிப்பான், மை வாங்கச் சொல்லும் விளம்பரம், கணக்குத் தொடங்கச் சொல்லும் செயலி என்று ஒரு பரிவாரமே வரும். அதில் சில, கணினி ஆனாகும்போதே கூடவே எழுந்துகொள்ளும். நான்கு ஜி.பி. ரேம் உள்ள பழைய ஆபீஸ் கணினியில் இதன் பாரம் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் இங்க் டேங்க் ஆல் இன் ஒன் வைத்திருப்பவர்களுக்கு நான் முழு செட்டப்பைத்தான் சொல்வேன். எப்சன் எல் வரிசை, கேனான் ஜி வரிசை போன்றவற்றில் சில வாரம் அச்சடிக்காமல் விட்டால் மை வரும் நுண்துளையான நாஸில் அடைத்துக்கொள்ளும். அப்போது நாஸில் செக், ஹெட் கிளீனிங், அதற்கும் மசியாவிட்டால் இன்னும் ஆழமான சுத்தம் என்று வரிசையாகச் செய்ய அந்தக் கருவிகள் கையில் இருக்க வேண்டும். திரை இல்லாத பிரின்டரை முதல்முறை வைஃபையில் சேர்ப்பதற்கும் செட்டப்தான் வசதி. போடும்போது 'கஸ்டம்' என்று தேர்ந்தெடுத்து, டிரைவர், ஸ்கேன் கருவி தவிர மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். கேபிளை எப்போது செருகுவது என்று செட்டப் சொல்லும், அதுவரை செருகாதீர்கள். அவசரப்பட்டால் விண்டோஸ் முந்திக்கொண்டு தன்னிடம் இருப்பதைப் போட்டுவிடும்.

வெறும் அச்சு மட்டும் போதும் என்கிற லேசர் பிரின்டருக்கு இந்தப் பரிவாரம் எதற்கு? கீழே போய்ப் பார்த்தால் 'பேசிக் டிரைவர்' என்றோ 'பிரின்டர் டிரைவர் மட்டும்' என்றோ சிறிய கோப்பு ஒன்று இருக்கும். அதை விரித்தால் உள்ளே, டிரைவரை எப்படி ஏற்றுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஐ.என்.எஃப். கோப்பு கிடைக்கும். பிரின்டரைக் கைமுறையாகச் சேர்க்கும்போது 'ஹேவ் டிஸ்க்' அழுத்தி அந்தக் கோப்பைக் காட்டினால் முடிந்தது. என்னுடைய ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் போட்டுவைத்தால், விண்டோஸ் மறுபடி ஏற்றும் நாளில் இணையம்கூடத் தேவைப்படாது. கம்பெனிகள் பழைய மாடல்களின் பக்கங்களை என்றென்றும் வைத்திருக்கப்போவதில்லை.

இந்த வழியில் தடுக்கி விழும் இடம் போர்ட், அதாவது பக்கத்தை எந்த வழியாகப் பிரின்டருக்கு அனுப்புவது என்ற தேர்வு. யூ.எஸ்.பி. பிரின்டருக்கு, பெயர் 'யூ.எஸ்.பி. 001' போல இருக்கும் போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் நிற்கும் 'எல்.பி.டி. 1' பழைய பேரலல் கேபிளுக்கானது. அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டால் எல்லாம் சரியாக ஏறியதுபோலத் தெரியும், ஆனால் டெஸ்ட் பேஜ் வராது.

யுனிவர்சல் டிரைவர்

எச்.பி.யின் யுனிவர்சல் பிரின்ட் டிரைவர் போன்றவை பத்துப் பதினைந்து லேசர்கள் இருக்கும் ஆபீஸுக்கு நல்லது. ஒரே டிரைவர், எல்லா மேசையிலும் ஒரே முகம். ஆனால் பி.சி.எல். அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த பிரின்டராக இருக்க வேண்டும். மேலே சொன்ன மூளையில்லாத சின்ன லேசர்களுக்கும் வீட்டு இங்க்ஜெட்டுக்கும் இது உதவாது. வீட்டில் ஒரே பிரின்டர் வைத்திருப்பவர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

டிரைவர் இல்லாத வழி

புதிய வைஃபை பிரின்டரென்றால் இதைத்தான் முதலில் முயல வேண்டும். போனிலிருந்து அச்சடிக்கும் அதே முறையில் கணினியும் அச்சடிக்கிறது. மேக்கில் ஏர்பிரின்ட், லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள், விண்டோஸில் உள்ளே இருக்கும் ஐ.பி.பி. டிரைவர். எங்குமே எதையும் இறக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு நோக்கிலும் இது மேல். 2021இல் 'பிரின்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளிவந்தபோது, பிரின்டர் டிரைவர் ஏற்றும் வசதியையே ஏணியாக்கி ஒரு கணினியை முழுதாகக் கைப்பற்ற முடியும் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகுதான், ஷேர் செய்த பிரின்டருக்கு டிரைவர் ஏற்றும்போதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கியது.

இழப்பும் உண்டு. போட்டோ தாளின் நுணுக்கமான வகைகள், பார்டர் இல்லாத அச்சு, வண்ணத் திருத்தம் போன்றவை குறைந்தோ காணாமலோ போகலாம். போட்டோ ஸ்டூடியோவுக்கு இது ஆகாது.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 'வின்டோஸ் ப்ரொடெக்டட் பிரின்ட்' என்று ஒரு வசதி வந்திருக்கிறது. அதை ஆன் செய்தால் மோப்ரியா சான்றுள்ள பிரின்டர்கள் மட்டுமே வேலை செய்யும், கம்பெனி டிரைவரில் ஓடும் மற்றதெல்லாம் நின்றுபோகும். எல்.பி.பி. 2900 வைத்திருப்பவர் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

லினக்ஸில் 1020ஐ ஓட்ட எச்.பி.லிப் என்ற தொகுப்பும் அதற்கான தனி பிளகினும் வேண்டும். தொகுப்பு புதிய பதிப்புக்கு மாறினால் பிளகினையும் மறுபடி இறக்க வேண்டும். 'நேற்றுவரை அடித்தது, அப்டேட் போட்டதும் நின்றுவிட்டது' என்ற புலம்பலுக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

நெட்வொர்க்கில் இருந்தால்

டிரைவரைவிட அதிகம் படுத்துவது போர்ட்தான். வைஃபை பிரின்டரை விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது பல நேரம் டபிள்யூ.எஸ்.டி. என்ற போர்ட்டில் வைக்கும். இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பிரின்டர் எதிரில் விழித்திருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டும். இதற்கு நிலையான மருந்து, ரவுட்டரில் பிரின்டருக்கு ஒரு ஐ.பி. முகவரியை மாறாமல் ஒதுக்கிவிட்டு, ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்டில் அதே முகவரியைக் கொடுத்துச் சேர்ப்பது. டிரைவரை அழித்துப் போட்டு மாலை முழுவதும் செலவழிப்பதைவிட இது சுலபம்.

ஒரு கணினியில் மாட்டிய யூ.எஸ்.பி. பிரின்டரை மற்றவற்றுக்கு ஷேர் செய்வது 2021க்குப் பிறகு தலைவலிதான். '11பி' என்று முடியும் பிழை எண்ணைப் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் சரியாகும் என்பார்கள். சரியாகும்தான், ஆனால் அந்தப் பிழையைக் கொண்டுவந்த அப்டேட் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். முடிந்தால் நெட்வொர்க் வசதி உள்ள பிரின்டருக்கு மாறிவிடுங்கள்.

டாட் மேட்ரிக்ஸும் தமிழும்

பில் போடும் கடைகளில், ஊசியால் குத்தி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் இருக்கிறது. டிரைவர் கிடைக்காதபோது பலர் கைவைப்பது விண்டோஸில் இருக்கும் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி'. ஆங்கில பில்லுக்கு அது வேகமானது. தமிழுக்கு உதவாது, ஏனென்றால் அது எழுத்துக் குறியீட்டை மட்டுமே அனுப்புகிறது, வடிவத்தை வரைய வேண்டியது பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துரு. அதில் தமிழ் இல்லாததால் கேள்விக்குறிகளோ வேறு கிறுக்கலோ வரும். அந்த மாடலுக்கு உரிய டிரைவரைப் போட்டால் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பும், தமிழ் ஒழுங்காக விழும். மாடலுக்கு டிரைவர் இல்லையென்றால், பிரின்டரின் கையேட்டில் எப்சன் இணக்கம் என்று போட்டிருக்கிறதா பார்த்து, ஒன்பது ஊசியா இருபத்து நான்கு ஊசியா என்பதற்கேற்ற எப்சன் டிரைவரை முயலலாம். வேகம் குறையும். பெயரைத் தமிழிலும் கணக்கை ஆங்கிலத்திலும் அடிக்க நினைத்தால்கூட முழுப் பக்கமும் படமாகத்தான் போகும்.

தேடுபொறியில் மாடல் பெயரோடு 'டிரைவர்' என்று போட்டால் முதலில் வரும் 'இலவச டிரைவர்' தளங்களும், எல்லாவற்றையும் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் டிரைவர் அப்டேட்டர்களும் இந்த ஒப்பீட்டில் இடம்பெறத் தகுதியில்லாதவை. கம்பெனி தளத்தில் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் கேட்டலாக் என்ற இணையதளத்தில் தேடுங்கள்.

எந்த வழியில் போட்டாலும், போட்டதும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்தால் ஏ4 ஆக மாற்றவும். ஓரம் வெட்டுப்படுவதற்கும், தாள் இருக்கும்போதே தாள் கேட்டு நிற்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். 'டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற தேர்வை ஆஃப் செய்யவும், இல்லாவிட்டால் கடைசியாகப் பயன்படுத்தியதே டீஃபால்ட்டாகிவிடும், அது தாளில் அடிக்காமல் கோப்பாக்கும் பி.டி.எஃப். பிரின்டராக இருந்தாலும்.

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். அந்தக் கணினிகளில் சாதாரண இன்டெல் நிரல்கள் ஓடினாலும் இன்டெல்லுக்கு எழுதிய டிரைவர் ஏறாது, அந்தச் சிப்பின் வகையான ஆர்ம் 64க்கென்றே எழுதியது வேண்டும். ஐ.பி.பி. பிரின்டராக இருந்தால் கவலையில்லை. பழைய யூ.எஸ்.பி. லேசர் என்றால், கம்பெனி தளத்தில் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி, பழைய கணினிக்குக் கொண்டுபோய் அச்சடிக்க வேண்டியிருக்கும்.