பத்து சதவீதம் என்றால், எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்

2021இல் முதிர்ந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போயிருந்தேன். வட்டி ஐந்தரைக்கும் கீழே என்றதும் என் முகம் சுருங்கியது. அதைக் கவனித்த ஓர் இளைஞர், "சார், ஐந்து நிமிடம்" என்று உட்கார வைத்தார். வங்கி ஊழியர் என்றே நினைத்தேன். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் என்பது முதல் தவணைக்கான ரசீதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

செலானைத் திருப்பிப் போட்டு எழுதினார். ஆண்டுக்கு ஒரு லட்சம், பத்து ஆண்டுகள். இருபதாம் ஆண்டு முடிவில் உறுதியாக 20 லட்சம். "பத்து கட்டுகிறீர்கள், இருபது வருகிறது. லாபம் நூறு சதவீதம். நீங்கள் கட்டுவது பத்து வருடம்தானே? வருடத்துக்குப் பத்து சதவீதம் சார்." பத்தின் கீழே இரண்டு கோடு போட்டார். நானும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு தெரியாதவன் அல்ல நான், அதுதான் வெட்கம்.

இரண்டாவது தவணையும் கட்டிய பிறகு, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் அந்தச் செலானைப் பார்த்துச் சிரித்தாள். "சித்தப்பா, பணம் இருபது வருடம் அவர்களிடம் இருக்கிறது. பத்தால் ஏன் வகுத்தார்?" பத்து ஆண்டில் இரட்டித்தால்கூடக் கூட்டு வட்டியில் அது 7.2 சதவீதம்தான், பத்து அல்ல. இங்கே அதுவும் இல்லை. முதல் லட்சம் 20 ஆண்டு காத்திருக்கிறது, கடைசி லட்சம் 11 ஆண்டு, சராசரி பதினைந்தரை. பணம் இரட்டிக்க ஆகும் ஆண்டுகளால் 72ஐ வகுத்தால் கூட்டு வட்டி விகிதம் தோராயமாகக் கிடைக்கும்; பதினைந்தரையால் வகுத்தால் ஏறக்குறைய 4.6. எக்செல்லில் தவணைகளைத் தேதிவாரியாகப் போட்டுப் பார்த்தாள்: 4.5. தவணையோடு கட்டிய ஜிஎஸ்டியைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் குறைவு. நான் முகம் சுளித்த வைப்பு வட்டியே இதைவிட மேல்!

அதே பணத்தைப் பொது வருங்கால வைப்பு நிதியில் போட்டு, 7.1 சதவீதம் மாறாமல் இருந்தால், இருபதாம் ஆண்டில் 29.5 லட்சம் வரும். பாலிசியில் பத்து லட்சத்துக்கு ஆயுள் காப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காப்புக்கு விலை ஒன்பதரை லட்சமா?

கிளைக்குப் போனேன். இளைஞர் மாற்றலாகியிருந்தார். நிறுவனத்துக்கு எழுதினேன்; உங்கள் கையெழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது. செலானில் எழுதியது எதுவும் விண்ணப்பத்தில் இல்லை. பத்து சதவீதம் என்ற சொல்லே இல்லை.

பாலிசியை ஒப்படைத்தால் கட்டிய இரண்டு லட்சத்தில் 30 சதவீதம், அதாவது 60,000 மட்டும் கிடைக்கும் என்றார்கள். போன பணம் போகட்டும், இனிக் கட்டப்போவதற்கு என்ன கிடைக்கும் என்று தனியாகக் கணக்குப் போட்டோம். அந்த 60,000ஐ விட்டுக்கொடுத்து, மீதி எட்டு லட்சத்தையும் கட்டினால் ஆண்டுக்கு ஆறு சதவீதம்கூடத் தேறவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் தவணைக்கு முன்பே ஒப்படைத்துவிட்டேன்.

இப்போது பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். எனக்கு அப்போது 15 நாள் இருந்தது. அந்த 15 நாளும் என் பத்திரம் பிரிக்காத உறையில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.